டைனோசர்: சொல்லும் பொருளும்

'டைனோசர்' கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பட்ட சொல். 'டெய்னோஸ்' அச்சம் தருவது, 'சௌரோஸ்' பல்லி. இரண்டையும் இணைத்து 1842இல் 'டைனோசோரியா' என்று பெயரிட்டவர் இங்கிலாந்தின் உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன். அப்போது அவருக்குச் சான்றாக இருந்தவை மெகலோசாரஸ், இகுவானோடான், ஹைலியோசாரஸ் என்ற மூன்று விலங்குகளின் அரைகுறை எலும்புகள்தாம். 'டெய்னோஸ்' என்பதற்கு 'அஞ்சத்தக்க அளவு பெரியது' என்றே அவர் பொருள் எழுதினார். 'பயங்கரப் பல்லி' என்று நாம் சொல்லும்போது அந்தப் பெருமை மறைந்து கொடுமை மட்டும் நிற்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் 'பல்லி'. பல்லியின் கால்கள் உடலுக்குப் பக்கவாட்டில் விரியும்; டைனோசரின் கால்கள் உடலுக்கு நேர்கீழே ஊன்றி நின்றன. வம்சமும் வேறு. பல்லியும் பாம்பும் ஒரு கிளை. முதலை, டைனோசர், பறவை ஆகியவை 'ஆர்க்கோசார்' என்னும் மற்றொரு கிளை. அதனால் இன்று வாழ்பவற்றில் முதலைக்கு நெருங்கிய சொந்தம் பல்லி அல்ல, காகமும் கோழியும்தான். முதலையின் இதயத்திலும் பறவையின் இதயத்திலும் நான்கு அறைகள்; பல்லிக்கு மூன்று.

பறவைகளை டைனோசர்களின் உறவினர் என்பதுகூடப் போதாது. அவை டைனோசர்களே, டைரனோசாரஸ் சேர்ந்த தெரோபாட் பிரிவில் கிளைத்தவை. 1861இல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற தொல்பறவைக்கு இறகும் இருந்தது, பல்லும் நீண்ட எலும்பு வாலும் இருந்தன. இங்கிலாந்தின் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அந்தப் பத்தாண்டிலேயே இந்த உறவை வாதிட்டார். இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் அது ஏற்கப்படாமல் கிடந்தது. 1969இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ரம், பறவையை ஒத்த உடலமைப்புள்ள டெய்னோனிக்கஸ் என்ற டைனோசரை விவரித்த பிறகுதான் பேச்சு மீண்டும் சூடுபிடித்தது. 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து, பறக்கவே முடியாத சைனோசாரொப்டெரிக்ஸ் என்ற டைனோசர் உடலெங்கும் இழையிழையான இறகோடு வெளிவந்தது. கோழியின் நெஞ்சருகே உள்ள கவட்டை எலும்பு டைரனோசாரஸுக்கும் இருந்தது. இதைவிட எளிதாகக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ராட்சதப் பல்லி' வேண்டாம். கோழியளவே இருந்த டைனோசர்களும் உண்டு. 'தொன்மா' நல்ல சொல். தொன்மையோடு 'மா' சேர்ந்தது. அரிமாவில் உள்ள அதே 'மா', விலங்கு. பல்லி என்ற பிழை இதில் இல்லை. அரியலூர்ப் பகுதியில் கல்லமேட்டில் கிடைத்த பேருருவ விலங்குக்கே வடமொழியும் கிரேக்கமும் கலந்து 'புருகத்காயோசாரஸ்' என்றுதான் பெயர் வைத்தார்கள். இனி வருபவற்றையாவது தமிழில் தொன்மா என்று எழுதலாம்.

ஒரு குறை உண்டு: முற்றத்தில் மேயும் கோழி தொன்மையானது அல்லவே. அதனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தவற்றைச் சொல்லும்போது 'பறவையல்லாத தொன்மாக்கள்' என்று எழுதுவதே சரி. 'தொன்மாக்கள் அழிந்தன' என்று மட்டும் எழுதினால் தவறாகிவிடும். தோல் சிறகால் பறந்த டெரோசார்களைப் 'பறக்கும் டைனோசர்' என்பதும் பிழை. அவை டைனோசர்களுக்குப் பங்காளிகள். பறவைகளுக்கு மூதாதையர் அல்லர்.