சங்குக்குள் இரைவது எது?

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பெரும்பாலான நாட்களில் அலை அடங்கித்தான் இருக்கும். மலாக்கா நீரிணை அப்படி. ஆனால் அங்கேயே ஒரு பெரிய சங்கைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் உள்ளே கடல் கொந்தளிக்கிறது. கண்ணெதிரே கிடக்கும் நிஜக் கடலைவிட அதன் இரைச்சல் அதிகம்! அதே சங்கைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் வைத்துக் கேட்டாலும் அதே இரைச்சல்தான். அங்கே கடலே கிடையாது.

அப்படியானால் அது நம் காதில் ஓடும் ரத்தத்தின் சத்தம் என்று பலர் சொல்வார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை வேகமாக ஏறிவிட்டு, மூச்சு வாங்கும்போதே சங்கைக் காதில் வைத்துப் பாருங்கள். இதயம் படபடக்கும், ரத்தம் வேகமாகப் பாயும். சங்கின் இரைச்சல் மட்டும் அதற்கேற்ப அதிகரிக்காது. இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. சுவர்களே ஒலியை உறிஞ்சிவிடும் எதிரொலியற்ற ஆய்வு அறைக்குள் சங்கை எடுத்துச் சென்றால் ‘கடல்’ காணாமல் போய்விடும். ரத்தம் அங்கேயும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

அந்த அறையில் இல்லாதது சுற்றுப்புறச் சத்தம். சங்குக்குள் நாம் கேட்பது அதைத்தான். மின்விசிறி, ஏர்கான், கீழே ஓடும் மோட்டார் சைக்கிள்கள், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் சேர்ந்த மெல்லிய இரைச்சல் எப்போதும் நம்மைச் சுற்றி இருக்கிறது. மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த ஒலி சங்கின் வாய் வழியே புகுந்து, வழவழப்பான கடினச் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. உள்ளே அடைபட்ட காற்றுக்கென்று சில இயல்பான அதிர்வெண்கள் உண்டு. வந்த ஒலியில் அவற்றோடு ஒத்துப்போகும் பகுதி வலுப்பெறுகிறது, மற்றவை மங்கிவிடுகின்றன. இதுதான் ஒத்ததிர்வு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம்மூர் வெக்கையில், 30 டிகிரி செல்சியஸில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். ஒரு முனை அடைத்த, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான குழாய் அப்போது ஏறக்குறைய 435 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 435 அதிர்வுகளில், ஒத்ததிரும். சங்கு இப்படி நேராக இருப்பதில்லை. சுருண்டு சுருண்டு கூம்பாகக் குறுகுகிறது. அதனால் அதன் அதிர்வெண்கள் இந்தக் கணக்கிலிருந்து விலகும். ஆனாலும் பெரிய சங்கு தாழ்ந்த குரலிலும் சின்னது உயர்ந்த குரலிலும் இரையும் என்பது மாறாது.

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் இதையே கருவியாக்கினார். உள்ளீடற்ற உருண்டை, ஒரு பக்கம் குறுகிய திறப்பு, மறுபக்கம் காதில் பொருத்த ஒரு முனை. ஒவ்வோர் உருண்டையும் ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் பதில் சொல்லும். பல சுரங்கள் கலந்த ஒலியில் எவையெவை இருக்கின்றன என்று அவற்றை வைத்தே அவர் பிரித்தறிந்தார். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் இப்படி யோசித்தது எனக்கு இன்றும் வியப்புதான். சங்கின் வாயோ அகன்றது. அது ஒரு சுரத்தைக் கறாராகப் பிடிக்காமல் அகலமான ஓர் அதிர்வெண் பட்டையையே பெருக்கிவிடுகிறது. அதனால்தான் நமக்குச் சுரமாகக் கேட்காமல் இரைச்சலாகக் கேட்கிறது.

அந்த இரைச்சல் ஏன் கடலைப் போலவே இருக்க வேண்டும்? அலை உடையும்போது எண்ணற்ற காற்றுக் குமிழிகள் உருவாகி அதிர்கின்றன. அவற்றின் ஒலியும் பல அதிர்வெண்கள் கலந்த இரைச்சல்தான். அப்புறம், சங்கைப் பிடித்திருக்கும் கை கொஞ்சம் அசைந்தாலும் காதுக்கும் சங்குக்கும் உள்ள இடைவெளி மாறும், ஒலி ஏறி இறங்கும். அலை வந்து போவதாக நமக்குத் தோன்றிவிடுகிறது. சங்கு கிடைக்காவிட்டால் தே தாரிக் குடித்த கிளாஸைக் கழுவிக் காதில் வைத்தாலும் போதும்.

உண்மையில் நம் காதுத் துளையே இப்படி ஒரு குழாய்தான். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், உள்முனையில் செவிப்பறை அடைத்திருக்கிறது. அது ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்குகிறது. நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த வட்டாரத்தில்தான்.