சீருடையைக் கழற்றும் முன்பே ஜி.ஐ. பில்லைப் பிள்ளைகளுக்கு மாற்றிவிடுங்கள்

"மகள் கல்லூரிக்குப் போகிறாள். என் ஜி.ஐ. பில்லை அவள் பெயருக்கு மாற்ற எந்தப் படிவம்?" ஜி.ஐ. பில் என்பது அமெரிக்கப் படைவீரர்களுக்கு அரசு தரும் கல்வி உதவி. படையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கேள்வியோடு இன்னொரு குடும்பமும் வந்துவிட்டது. அப்படி ஒரு படிவமே கிடையாது. இருபது வருடம் பணியாற்றியவருக்கும் கிடையாது, போர்முனைக்குப் போய்வந்தவருக்கும் கிடையாது. பணியில் இருக்கும்போது கணினி முன் உட்கார்ந்து தொடங்கியிருக்க வேண்டிய வேலை இது. காலம் கடந்தபின் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது ஒவ்வொரு தடவையும் வேதனையாக இருக்கிறது.

"நான் உழைத்துச் சம்பாதித்த சலுகை, எப்போது வேண்டுமானாலும் பிள்ளைக்குக் கொடுப்பேன்" என்ற நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 36 மாதக் கல்வி உதவி உங்களுடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் குடும்பத்துக்கு மாற்றிக் கொடுப்பது வேறு விஷயம். வீரர்களைப் படையிலேயே தக்கவைத்துக்கொள்ளத்தான் சட்டம் அந்த வாய்ப்பைத் தருகிறது. அதனால்தான் 6 ஆண்டு சேவை முடிந்திருக்க வேண்டும், விண்ணப்பித்த நாளிலிருந்து இன்னும் 4 ஆண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது. பணியை விட்டுப் போனவரைத் தக்கவைக்க என்ன இருக்கிறது?

2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 'ஃபாரெவர் ஜி.ஐ. பில்' என்று பெயர் வந்ததிலிருந்து இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அந்தச் சட்டம் நீக்கியது, 2013 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பணியிலிருந்து விலகியவர்களுக்கு இருந்த 15 ஆண்டுப் பயன்பாட்டுக் கெடுவை. பணியில் இருக்கும்போதே மாற்றிக் கொடுக்க வேண்டும் என்ற விதியை அது தளர்த்தவில்லை. படைக் குடும்பங்களின் பதிவேடான டீர்ஸில் பிள்ளையின் பெயர் இருப்பதாலும் மாற்றம் நடந்துவிடாது. அந்தப் பெயர் இல்லாமல் மாற்ற முடியாது, அவ்வளவுதான். உயிலில் எழுதி வைத்தாலும் செல்லாது.

படையினருக்கான மில்கனெக்ட் இணையதளத்தில் கல்வி உதவி மாற்றத்துக்கான பக்கத்தைத் திறந்தால் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் என ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாதக் கணக்குக்கு ஒரு கட்டம் இருக்கும். பலர் மூத்த பிள்ளைக்கு 36 போட்டுவிட்டு மற்றவர்களை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 1 மாதமாவது போடுங்கள். ஏற்கெனவே மாதம் பெற்றவர்களுக்கிடையே கூட்டிக் குறைப்பதை ஓய்வுக்குப் பின்னும் செய்யலாம். பொதுவாகப் புதிய பெயரைச் சேர்க்கத்தான் முடியாது. பணியில் இருக்கும்போது இன்னொரு குழந்தை பிறந்தால் முதலில் டீர்ஸில் பதியுங்கள், அடுத்து இந்தப் பக்கத்துக்கு வந்து அதற்கும் 1 போடுங்கள். மூத்தவன் படிக்கவே விரும்பவில்லை என்றாலும் அப்போது கைவசம் வழி இருக்கும்.

'சமர்ப்பி' பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்களும் நிறைய. மீதி ஒப்பந்தக் காலம் 4 ஆண்டுக்குக் குறைவாக இருக்கும் படைவீரர் அதை நீட்டிக்க வேண்டும். சில படைப்பிரிவுகளில் தனி ஒப்புதல் அறிக்கையிலும் கையெழுத்திட வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மறுபடி விண்ணப்பித்தால் அந்த 4 ஆண்டு புதிய தேதியிலிருந்துதான் ஓடும். ஆகவே நிலை 'அங்கீகரிக்கப்பட்டது' என்று மாறும்வரை வாரம் ஒருமுறை பாருங்கள். மாறியதும் ஒப்புதல் கடிதத்தை அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பகுதிநேரப் படைகளான ரிசர்விலும் நேஷனல் கார்டிலும் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே சேவைக் கணக்கில் தகராறு வருவது சாதாரணம்.

அந்த 4 ஆண்டை முடிக்காமல் சொந்த விருப்பத்தில் விலகினால், குடும்பத்தார் அதுவரை பயன்படுத்திய தொகை முழுவதும் அதிகமாகக் கொடுத்த பணமாகக் கருதப்பட்டு, படைவீரர் நலத் துறைக்குக் கட்ட வேண்டிய கடனாகிவிடும். மரணம், பணியால் வந்த உடல் ஊனத்தால் விடுவிப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நல்ல வேலை கிடைத்தது என்பதற்கெல்லாம் விலக்கு இல்லை.

யார் எப்போது பயன்படுத்துவது என்பதிலும் பணம் நஷ்டமாகிறது. வாழ்க்கைத்துணை உடனே தொடங்கலாம். ஆனால் வீரர் முழுநேரப் பணியில் இருக்கும்வரை துணைக்கு மாதாந்திர வீட்டுப்படி கிடையாது. பிள்ளைக்கு அந்தப் படி உண்டு. ஆனால் பிள்ளை உதவியைப் பயன்படுத்தத் தொடங்க, வீரர் 10 ஆண்டு சேவை முடித்திருக்க வேண்டும், பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் அல்லது 18 வயது ஆகியிருக்க வேண்டும். 26ஆவது பிறந்தநாளோடு பிள்ளையின் உரிமை முடிகிறது. பிள்ளைக்குத் திருமணம் ஆனால் உதவி போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம்.

விவாகரத்து வழக்கில் இந்த மாதங்களைச் சொத்தாகப் பாகம் பிரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. விவாகரத்தாலேயே துணையின் உரிமை ரத்தாவதும் இல்லை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வழக்கறிஞர்களில் பலருக்கே இது தெரிவதில்லை, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

கல்லூரி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, படிக்கும் மாநிலத்தில் வசிக்கும் ஜி.ஐ. பில் மாணவரிடம் அரசுப் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தவர் கட்டும் உள்மாநிலக் கட்டணத்தையே வாங்க வேண்டும். படைவீரர் நலத் துறையின் பணம் தாமதமானால், தகுதிச் சான்றிதழைக் கொடுத்த மாணவருக்கு அபராதம் போடவோ, வகுப்புக்கோ நூலகத்துக்கோ வரக் கூடாது என்று தடுக்கவோ கூடாது என்கிறது 2018ஆம் ஆண்டுச் சட்டம். கணக்குப் பிரிவு ஊழியர் மிரட்டினால் கடன் வாங்கிக் கட்ட ஓடாதீர்கள், சட்டத்தைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள்.

லாபநோக்குக் கல்லூரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருமானத்தில் 10 சதவீதமாவது கூட்டாட்சி அரசின் பணம் அல்லாததாக இருக்க வேண்டும் என்பது அவற்றுக்கு விதி. முன்பு ஜி.ஐ. பில் பணம் அந்த 10 சதவீதத்தில் சேர்ந்ததால், படைக் குடும்பங்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. இருந்தாலும் விளம்பர அழைப்புகள் நிற்கவில்லை. சேரும் முன் படைவீரர் நலத் துறையின் கல்லூரி ஒப்பீட்டுப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றம் அங்கீகாரம் ஆனபின் பிள்ளை தன் பெயரில் 22-1990இ படிவத்தைப் படைவீரர் நலத் துறைக்கு அனுப்ப வேண்டும், அப்பா அம்மா அனுப்பினால் போதாது. படிப்பு தொடங்கியதும் மாதாமாதம் சேர்க்கையைத் தானே உறுதிசெய்ய வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் வீட்டுப்படி நிறுத்திவைக்கப்படும். இன்னும் பணியில் இருப்பவர்கள் ஓய்வு விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் மில்கனெக்ட்டைத் திறந்து அந்த 4 ஆண்டுக் கடமைக்காலம் முடியும் தேதியைப் பாருங்கள். ஓய்வுத் தேதி அதற்கு ஒரு நாள் முந்தியிருந்தாலும் கையெழுத்தை நிறுத்திவிட்டு, படைப்பிரிவின் பணி ஆலோசகரிடம் போங்கள்.