இணையவழி மாதிரி வழக்குப் போட்டி: மேடைப் பேச்சை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

தமிழ்த் தினப் போட்டியில் பேச்சுக்குப் பரிசு வாங்கிய பிள்ளை, விவாத அணியில் கடைசியாக எழுந்து எதிரணியை மடக்கிய பிள்ளை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மாதிரி வழக்குப் போட்டிக்கு, அதாவது மாணவர்களே சட்டத்தரணிகளாகவும் சாட்சிகளாகவும் நின்று ஒரு கற்பனை வழக்கை நடத்தும் போட்டிக்கு, அணி சேர்க்கும் ஆசிரியர் முதலில் தேடிப் போவது இவர்களைத்தான். முதல் சுற்றில் அதிகம் புள்ளி இழப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. பிள்ளைகளிடம் குறையில்லை. மேடைக்குப் பேச்சு வேண்டும், வழக்குக்குக் கேள்வி வேண்டும். தமிழில் ‘கேள்’ என்ற ஒரே சொல் வினவுவதையும் செவிகொடுப்பதையும் குறிக்கிறது. இந்தப் போட்டிக்கு அந்த இரண்டுமே வேண்டும். பயிற்சியில் கிட்டத்தட்ட எவரும் கற்றுக்கொடுக்காதது இரண்டாவதை.

மாதிரி வழக்கு அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் வேரூன்றிய போட்டி. அங்கே தேசிய அளவிலான போட்டி 1984இல் அயோவா மாநிலத்தில் தொடங்கியது. 2020இல் கொரோனா பாடசாலைகளை மூடியபின் பல போட்டிகள் சூமுக்கு வந்தன. ஆங்கிலத்தில் நடக்கும் இவற்றில் வெளிநாட்டு அணிகளை ஏற்கும் போட்டிகளும் இருப்பதால், தலவாக்கலையிலோ ஹப்புத்தளையிலோ இருந்தபடியே ஓர் அணி பங்குபற்ற முடியும்.

இதையும் ‘மூட்’ எனப்படும் சட்டவாதப் போட்டியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் செய்யும் மூட்டில் சாட்சிகள் இல்லை; மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நிற்பதுபோல் சட்டத்தை மட்டும் வாதிடுவார்கள். மாதிரி வழக்கில் சாட்சிகள் உண்டு, சான்றுப்பொருட்கள் உண்டு, நடந்தது என்ன என்பதுதான் கேள்வி. ஏற்பாட்டாளர்கள் சில வாரங்களுக்கு முன்பே ஒரு வழக்குக் கோவையை அனுப்புவார்கள். சாட்சிகளின் வாக்குமூலங்கள், சான்றுப்பொருட்கள், சுருக்கப்பட்ட சாட்சிய விதிகள், போட்டி விதிகள் எல்லாம் அதில் இருக்கும். வழக்கமாக ஒரு தரப்புக்கு மூன்று சட்டத்தரணிகள், மூன்று சாட்சிகள், அவர்களோடு ஒரு நேரக்காப்பாளர். ஒரே அணி ஒரு சுற்றில் வழக்குத் தொடுநராகவும் அடுத்த சுற்றில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பாகவும் நிற்க வேண்டும். எனவே ‘எங்கள் கட்சிதான் நியாயம்’ என்று மனத்தைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இரண்டாவது சுற்று கடினமாகிவிடும்.

வழக்கில் யார் வென்றார் என்பதற்கும் போட்டியில் யார் வென்றார் என்பதற்கும் தொடர்பில்லை. தொடக்க உரை, ஒவ்வொரு விசாரணை, ஒவ்வொரு சாட்சி, முடிவுரை ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனியே புள்ளியிடுவார்கள். பெரும்பாலும் 10க்கு இத்தனை என்ற கணக்கு. சாட்சியாக நடிக்கும் பிள்ளைக்கும் சட்டத்தரணியாக நிற்கும் பிள்ளைக்கும் ஒரே எடை. ‘இங்கிலீஷ் கொஞ்சம் குறைவு, சாட்சியாகப் போடுவோம்’ என்று எண்ணிச் செய்யும் தேர்வு அணியை உள்ளிருந்தே அரிக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்பாராத கேள்விக்குத் தனியாக முகம் கொடுப்பவர் சாட்சிதான்.

கேட்கக் கூடாத கேள்வி

பயிற்சிக்கு ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து ஸ்டோரிலிருந்து 25 கிலோ தேயிலைத்தூள் காணாமல் போகிறது. அங்கே வேலை செய்யும் ஓர் இளைஞர் எதிரி. இரவுக் காவற்காரர்தான் கண்ட சாட்சி.

காவற்காரரை அழைத்த தரப்பு முதல் விசாரணையில் விடையைக் கேள்விக்குள் வைக்கக் கூடாது. ‘எதிரி மூட்டையோடு வருவதைப் பார்த்தீர்கள், இல்லையா?’ என்றால் அது தூண்டு வினா, ஆட்சேபனை வரும். ‘எங்கே நின்றீர்கள்? என்ன பார்த்தீர்கள்? அதன் பிறகு என்ன நடந்தது?’ இவ்வளவுதான். சட்டத்தரணி பின்னுக்கு நிற்க, கதையைச் சாட்சி சொல்ல வேண்டும்.

குறுக்கு விசாரணை இதற்கு நேரெதிர். அங்கே ஒரு கேள்வியில் ஓர் உண்மை மட்டும் இருக்க வேண்டும், ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு பதிலுக்கு இடமிருக்கக் கூடாது.

‘நீங்கள் நின்றது கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில்?’ ஆம். ‘அங்கிருந்து ஸ்டோர் வாசலுக்கு 60 மீற்றர்?’ ஆம். ‘அன்றிரவு பனிமூட்டம்?’ ஆம். ‘வாசல் விளக்கு எரியவில்லை?’ ஆம்.

இங்கே நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். மேடைப் பழக்கமுள்ள பிள்ளை உட்காராது. இன்னும் ஒரு படி மேலே போய், ‘அப்படியானால் முகம் எப்படித் தெரிந்தது?’ என்று முழங்கும். காவற்காரர் அமைதியாகச் சொல்வார்: ‘முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது பேசினார். சின்ன வயதிலிருந்தே கேட்கும் குரல் அது.’ கட்டிய நான்கு கேள்வியும் அந்த ஒரு பதிலில் சரிந்துவிடும். ‘ஏன்’, ‘எப்படி’ இரண்டும் குறுக்கு விசாரணைக்கு ஆகாது. அந்த இருளையும் தூரத்தையும் வைத்து முடிவு சொல்லும் இடம் முடிவுரை. அப்போது சாட்சி பதில் சொல்ல முடியாது.

அடுத்தது, கோவையில் இல்லாததைச் சொல்வது. கதை சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இதில் எளிதாக விழுகிறார்கள். வாக்குமூலத்தில் இல்லாத நிலவொளியைச் சாட்சி தன் வசதிக்காகச் சேர்த்தால், வழக்கின் போக்கையே மாற்றும் புனைவு என்று புள்ளி குறையும். காவற்காரருக்குத் தேநீரில் சீனி எத்தனை கரண்டி என்பதுபோல் வழக்கைத் தொடாத விபரம் பரவாயில்லை. ‘அது என் வாக்குமூலத்தில் இல்லை’ என்று சொல்லத் தயங்கவே கூடாது.

சாட்சி வாக்குமூலத்துக்கு மாறாகப் பேசினால் மூன்று படி இருக்கிறது. முதலில் இப்போது சொன்னதையே மீண்டும் உறுதி செய்ய வைக்க வேண்டும். பிறகு வாக்குமூலம் அவர் கொடுத்தது, வாசித்துக் கையொப்பமிட்டது என்று ஏற்க வைக்க வேண்டும். அதன் பிறகே பக்கமும் வரியும் சொல்லி அந்த வசனத்தை வாசிக்க வேண்டும். இரண்டாவது படியைத் தாண்டி நேரே மூன்றாவதற்கு ஓடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. கையொப்பத்தின் கனத்தை நீதிபதிக்குக் காட்டாமல் வாசித்தால் அது வெறும் காகிதம்.

இதைச் சொல்லும்போது மலையக ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது நாட்டில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, பொலிஸ் பதியும் வாக்குமூலம் கொடுத்தவருக்குக் காட்டப்பட வேண்டும் அல்லது வாசிக்கப்பட வேண்டும். எழுதிய மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு இடம் உண்டு. சிங்களத்தில் எழுதியதற்கு என்னவென்று தெரியாமலே கையொப்பம் வைத்துவிட்டு வரும் பெற்றோர் லயங்களில் இன்றும் இருக்கிறார்கள். நீதிமன்றத்தில் நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தரக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. போட்டிக்காகப் பிள்ளை படிக்கும் அந்த மூன்று படி, வீட்டில் ஒருநாள் நிஜமாகவே தேவைப்படலாம்.

நம் சட்டம் வேறு, போட்டியின் சட்டம் வேறு

சட்டம் தெரிந்த ஒருவர் பயிற்சிக்கு வந்தால் அணிக்குப் பலம். ஆனால் நமது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தை வைத்துப் பயிற்றினால் சில இடங்களில் அணி வழுக்கும். அமெரிக்கப் போட்டிகள் அவர்களுடைய கூட்டாட்சிச் சாட்சிய விதிகளைச் சுருக்கியே பயன்படுத்துகின்றன.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று நமது 25ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்க விதிகளில் அப்படி ஒரு பொதுத் தடை இல்லை. எதிரி சொன்னதை எதிர்த்தரப்பே கொண்டுவந்தால் அது கேள்விவழிச் சாட்சியமாகவும் (நீதிமன்றத்துக்கு வெளியே சொன்னதை உண்மை என்று காட்டக் கொண்டுவருவது, ‘ஹியர்சே’) கொள்ளப்படாது. நம் பிள்ளை துள்ளியெழுந்து ‘ஒப்ஜெக்ஷன், ஹியர்சே’ என்றால் உடனே நிராகரிக்கப்படும். குறுக்கு விசாரணையின் எல்லையும் அப்படித்தான். நமது 138ஆம் பிரிவில், முதல் விசாரணையில் சொன்னதற்குள் மட்டும் அது நிற்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி விதி 611 பொதுவாக அதற்குள் நிறுத்துகிறது. பாடசாலைப் போட்டிகளில் சில அதைத் தளர்த்தியும் வைத்திருக்கின்றன. கோவையோடு வரும் விதிகளைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

ஆட்சேபனைகளை முப்பது நாற்பது என்று மனனம் செய்ய வேண்டியதில்லை. தூண்டு வினா, கேள்விவழிச் சாட்சியம், ஊகம், அடிப்படை இடாமை (சாட்சிக்கு அது எப்படித் தெரியும் என்று முதலில் காட்டாதது), தொடர்பின்மை, ஒரே கேள்வியில் இரண்டு கேள்வி. இந்த ஆறையும் காரணத்தோடு சொல்லத் தெரிந்தாலே போதும். காரணம்தான் புள்ளி. ‘ஹியர்சே’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும் பிள்ளையிடம் நீதிபதி ‘ஏன்?’ என்று கேட்பார். ‘நீதிமன்றத்துக்கு வெளியே சொல்லப்பட்டது, அது உண்மை என்று காட்டவே இங்கே கொண்டுவரப்படுகிறது’ என்ற ஒரு வசனம் நாக்கில் இருக்க வேண்டும். முதலில் தமிழில் விளங்க வைத்து, பிறகு ஆங்கிலத்தில் பழக்கினால் அது நிற்கும். ஆங்கிலத்திலேயே மனனம் செய்தது பதற்றத்தில் போய்விடும்.

சூம் நீதிமன்றம்

இணையத்தில் குரல் ஒரு நொடி பிந்தும். கேள்வி முடிந்தவுடன் சாட்சி பதில் சொன்னால் ஆட்சேபனைக்கு நேரமில்லை, இரண்டு குரலும் மோதி ஒன்றுமே விளங்காது. எல்லாச் சாட்சிகளும் மனதுக்குள் ‘ஒன்று’ என்று எண்ணிவிட்டுப் பதில் சொல்லப் பழக வேண்டும். அந்தச் சுற்றில் பேசும் சட்டத்தரணியின் மைக் திறந்தே இருக்கட்டும். மியூட்டை எடுத்து ஆட்சேபிப்பதற்குள் பதில் முடிந்துவிடும். ஒரே அறையில் இரண்டு கணினி திறந்தால் கீச்சென்ற எதிரொலி வரும். ஆளுக்கொரு அறை வேண்டும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் மைக் உள்ள ஹெட்செட் வேண்டும். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கணினியின் உள் மைக் முழுவதாக இழுத்துக்கொள்ளும். வாயருகே வரும் மைக் ஓரளவு தடுக்கும். கூரைக்குக் கீழே சீலிங் அடித்த அறை கிடைத்தால் அதுவே நல்லது.

திரைக்கு மேலே குறிப்பை ஒட்டி வாசிப்பதை நீதிபதிகள் கண் அசைவிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். சாட்சிகள் குறிப்பு வைத்திருப்பதைப் பெரும்பாலான விதிகள் அனுமதிப்பதில்லை. வழக்கு நடக்கும்போது பயிற்சியாளர் வட்ஸ்அப்பில் ஒரு சொல் அனுப்பினாலும் அது விதிமீறல். கைபேசிகளை வேறு அறையில் வையுங்கள்.

அணியின் பெயரை நீதிபதிக்குச் சொல்லாமல் குறியீட்டு எண் கொடுக்கும் போட்டிகள் பல. அப்போது பாடசாலைச் சீருடையும் கழுத்துப்பட்டியும் பின்சுவரில் உள்ள சின்னமும் அடையாளத்தைக் காட்டிவிடும். வெள்ளைச் சட்டையும் வெறுஞ்சுவரும் போதும்.

நேரத்தைக் கவனமாகக் கணக்கிடுங்கள். நியூயோர்க்கில் ஜூலை மாதத்தில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. ஜனவரியில் அதே 9 மணி இங்கே இரவு 7.30. அவர்கள் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவதால் வரும் வேறுபாடு இது. ஒரு சுற்று இரண்டிலிருந்து மூன்று மணித்தியாலம் போகும். முடியும்போது தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போயிருக்கும். பிள்ளைகள் இரவு எங்கே தங்குவார்கள், யார் கூட்டிப் போவார்கள் என்பதைப் பெற்றோரோடு பேசி முடித்த பிறகே பதிவுப் பணம் கட்டுங்கள். சுற்றைப் பதிவு செய்வார்களா, அந்தக் காணொளி எங்கே போகும் என்பதையும் அப்போதே ஏற்பாட்டாளரிடம் கேட்டு, பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வீடியோ திறந்த குழு அழைப்புக்கு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி என்று வைத்து, ஒரு கணினிக்கு 5 ஜிபி ஒதுக்குங்கள். நள்ளிரவுக்குப் பின் மட்டும் செல்லும் இரவு டேட்டா மாலை 6.30க்கு உதவாது. தென்மேற்குப் பருவத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ், வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு போன், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய மடிகணினி மூன்றும் வேண்டும். ஒருவர் தொடர்பற்றுப் போனால் அவர் பாகத்தை இன்னொருவர் எடுக்க விடுகிற விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டாவது ஆளைப் பழக்கி வையுங்கள்.

சுற்று முடிந்ததும் சூமை மூடிவிட்டு ஓடாதீர்கள். நீதிபதிகள் சில நிமிடம் கருத்துச் சொல்வார்கள், சில போட்டிகளில் புள்ளித்தாளும் பிறகு வரும். ஒரு பிள்ளை அதைச் சொல்லுக்குச் சொல் எழுதட்டும். தன்னைப் பற்றி நீதிபதி சொன்னதை ஒவ்வொருவரும் அன்றிரவே திரும்ப வாசிக்கட்டும். அடுத்த சுற்றில் அதே காவற்காரரை எதிர்ப்பக்கத்திலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கும்.