பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பாடத்தில் குழந்தை இருக்கிறதா?

மாற்றுத்திறன் குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது முன்பு போல அவ்வளவு கஷ்டமாக இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் வழி திறந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. சிறப்புப் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போய்வரும் எனக்கு, சேர்க்கைக்கு அப்புறம் நடப்பதுதான் கவலை. வகுப்பே கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் படம் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லியிருப்பார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் வண்ணம் தீட்டிக்கொண்டே ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அந்தக் கழித்தலையே எடுத்துக்கொள்வோம். 52-இல் 27 போக எவ்வளவு? கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய கணக்கு. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஐந்து கட்டு, இரண்டு தனிக் குச்சி. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது என்றதும், கட்டைப் பிரிக்கலாமா என்று பிள்ளைகளே கேட்பார்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தை கட்டைப் பிரித்து எண்ணிக் கொடுக்கட்டும். பார்வைக் குறைவுள்ள குழந்தை தொட்டு எண்ணட்டும். இன்னொரு குழந்தை பலகையில் எழுதட்டும். வேகமாகப் போடும் பிள்ளை, கடையில் மீதிச் சில்லறை வாங்குவது போல ஒரு கணக்கைத் தானே உருவாக்கட்டும். எல்லாருக்கும் பாடம் ஒன்றுதான், வேலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கடன் வாங்குவதை அதுவரை வெறும் சடங்காகச் செய்துகொண்டிருந்த மற்ற பிள்ளைகளுக்கும் அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிகிறது.

வாசிப்பில் இது இன்னும் நுட்பமானது. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒலிக்கும்போது உயிர் பின்னால் வருகிறது. எழுதும்போதோ குறிகள் எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன. கற்றல் குறைபாடுள்ள குழந்தை இங்கேதான் தடுக்கி விழுகிறது. 'சோம்பேறி' என்று திட்டுவாங்குவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்து முறை எழுதச் சொல்வது இதற்கு மருந்தாகாது. எழுத்து அட்டையையும் குறி அட்டைகளையும் தனித்தனியாக வெட்டிக் கொடுத்து, நகர்த்தி வைத்து, சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும். காது சரியாகக் கேட்காத குழந்தை வகுப்பில் இருந்தால், கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பேச வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

'இதற்கெல்லாம் எங்கே நேரம்?' என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அப்படியானால் 5 வகுப்பை 2 பேர் பார்க்க வேண்டும். போதாததற்குச் செயலியில் பதிவேற்றும் வேலை வேறு. அந்தச் சுமை குறையத்தான் வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட பள்ளியில், எல்லாருக்கும் புத்தகத்தின் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் நடத்தும் முறை எப்படியும் எடுபடாது. நிலை வாரியாகக் குழு பிரிப்பதுதான் அங்கே நடைமுறைக்கு ஒத்துவரும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் உருவான முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. பாடத்தைப் படிபடியாக அடுக்கிக் காட்டும் கற்றல் ஏணி, அட்டைகள், தரையோடு ஒட்டிய கரும்பலகை. செங்கல் சூளைக்குப் போன பெற்றோருடன் ஒரு மாதம் காணாமல் போகும் குழந்தைகூடத் திரும்பி வந்து, விட்ட படியிலிருந்தே தொடரலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். கொரோனாவுக்குப் பின் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தை எந்த அளவுக்குக் கற்றிருக்கிறது என்பதைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்தது. நல்ல ஏற்பாடு. ஜூனில் அரும்பில் வைத்த குழந்தையை ஏப்ரலிலும் அங்கேயே வைத்திருந்தால் மட்டும் அது வெறும் முத்திரை ஆகிவிடும். மாதம் ஒரு முறையாவது குழுவை மாற்றிப் பாருங்கள்.

பெற்றோர் பள்ளிக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது, 'தொந்தரவு பண்றானா டீச்சர்?' என்றுதான். அதற்குப் பதிலாக, 'இந்த வாரம் புதுசா என்ன படிச்சான்?' என்று கேளுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு பாதி முடிந்த பிறகு அதற்கு அலைவதை விட, சந்தேகம் வந்த வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையம் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) நடத்தும் மருத்துவ முகாமுக்குக் குழந்தையை அழைத்துவாருங்கள்.