ஊசிக்குக் காது கொடுக்கும் சுருள்: மிதிவெடி தேடும் கருவி எப்படி வேலை செய்கிறது?

மிதிவெடியை எந்தக் கருவியும் கண்டுபிடிப்பதில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரையிலும் கிரானிலும் குடும்பிமலை அடிவாரத்திலும், முகக்கவசம் மாட்டிய ஆட்கள் வட்டத் தலையுள்ள தடி ஒன்றை நிலத்துக்கு மேல் இடமும் வலமுமாக ஆட்டியதைப் பார்த்தவர்கள், அது வெடியைத் தேடுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். அது தேடுவது உலோகத்தை. இன்னும் சரியாகச் சொன்னால், உலோகம் காந்தப்புலத்தில் எழுப்பும் ஒரு சிறு சலனத்தை. சின்னத் துண்டு என்றால் செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட அது நீடிப்பதில்லை. அந்தச் சலனம் சோடா மூடியிலிருந்து வந்ததா, சன்னக் கோதிலிருந்து வந்ததா, மிதிவெடிக்குள் இருக்கும் ஊசியிலிருந்து வந்ததா என்பது கருவிக்குத் தெரியாது. சத்தம் போடும், அவ்வளவுதான். மிச்ச வேலை முழுவதும் மனிதருடையது.

2017 ஜூனில் மட்டக்களப்பு, மிதிவெடி அபாயம் நீக்கப்பட்ட இலங்கையின் முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பின் பொருள் 'எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்' என்பதைவிட, 'சந்தேகப்பட்ட நிலமெல்லாம் தேடியாயிற்று, அங்கே இனி இல்லை' என்பதுதான். ஒன்று இருப்பதைக் காட்டுவது சுலபம். இல்லை என்பதைக் காட்டத்தான் ஒவ்வொரு சென்ரிமீற்றரையும் கடக்க வேண்டும்.

கருவியின் தலைக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். விட்டம் பெரும்பாலும் 20 முதல் 30 சென்ரிமீற்றர். இன்று பரவலாகப் பயன்படும் துடிப்பு முறைக் கருவிகளில், அந்தச் சுருளுக்குள் மின்னோட்டம் பாய்ச்சப்பட்டுச் சட்டென்று வெட்டப்படும். ஓட்டம் வெட்டுப்பட்டதும் சுருளைச் சுற்றியிருந்த காந்தப்புலம் இடிந்து விழும். மாறும் காந்தப்புலம் பக்கத்தில் உள்ள எந்த உலோகத்திலும் சுழல் மின்னோட்டத்தை எழுப்பும். 1831இல் பரடே கண்ட அதே தூண்டல்தான். அந்தச் சுழல் மின்னோட்டம் தனக்கென்று ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கி மெல்லத் தேய்ந்து போகும். சில மைக்ரோ செக்கன் பொறுத்துவிட்டு, கருவி அந்தத் தேய்வைக் கேட்கத் தொடங்கும். இதை ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை செய்யும்.

கோயில் மணியை அடித்துக் கையை எடுத்த பிறகு நாதத்தைக் கேட்பது போன்றது இது. பெரிய மணியின் நாதம் நெடுநேரம் நிற்கும். சலங்கை மணி உடனே அடங்கிவிடும். உலோகத்திலும் அப்படியே. துண்டு பெரிதாகவும் நன்றாக மின் கடத்துவதாகவும் இருந்தால் சுழல் மின்னோட்டம் நீடிக்கும். செம்பைவிடச் சுமார் நாற்பது மடங்கு குறைவாக மின் கடத்தும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் செய்த ஒரு சின்ன ஊசி என்றால், கருவி காது கொடுப்பதற்குள் நாதம் செத்துவிடும். ஆகவே கேட்கத் தொடங்கும் நேரத்தை எவ்வளவு முன்னுக்குக் கொண்டுவரலாம் என்பதில்தான் கருவி செய்பவர்களின் போட்டி. மிக முன்னுக்கு வந்தால் சுருளே அடங்கியிருக்காது, தன் சத்தத்தையே அது கேட்கும்.

ஆழம் இன்னொரு வில்லங்கம். சுருளிலிருந்து போகும் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். சிறு பொருளிலிருந்து திரும்பி வரும் புலமும் அதே கணக்கில் குறையும். இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. சுருளின் அளவோடு ஒப்பிடத் தூரம் பெரிதாகிவிட்டால், அதை இரட்டித்ததும் சிக்னல் பாதியாகாது, 64இல் ஒரு பங்காகும். சுருளைப் பெரிதாக்கினால் ஆழம் கூடும் என்பது உண்மை. ஆனால் ஊசி போன்ற சின்னப் பொருள் அதன் கண்ணுக்குத் தப்பும். புல்லுக்குப் பயந்து தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பவர், நிலத்தின் ஆழத்திலிருந்து அதே அளவைத் தானே திருடிக்கொள்கிறார்.

இந்த நுட்பம் வயலில் பிறந்ததல்ல. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் சன்னம் எங்கே என்று தேட, அலெக்சாண்டர் கிரஹம் பெல் ஒரு தூண்டல் கருவியைக் கொண்டுபோனார், பலிக்கவில்லை. போர்க்களத்துக்கு ஏற்ற வடிவம் கொடுத்தவர் போலந்து இராணுவத்தின் யோசெப் கொசாட்ஸ்கி. அவருடைய கருவிகள் சுமார் 500, 1942 ஒக்ரோபரில் எகிப்தின் எல் அலமெயின் போருக்கு அனுப்பப்பட்டன. அதற்கு எதிர்த்தரப்பின் பதிலும் விரைவாகவே வந்தது. ஜேர்மனியர் மரப்பெட்டியிலும் கண்ணாடியிலும் மிதிவெடி செய்யத் தொடங்கினர். எண்பது வருடமாக இந்த ஓட்டப்பந்தயம்தான் நடக்கிறது: தேடும் கருவி கூர்மையாக ஆக, புதைக்கும் பொருளில் உலோகம் குறைகிறது. 1996இல் திருத்தப்பட்ட சர்வதேச ஒப்பந்த விதி ஒன்று, மனிதரை இலக்கு வைக்கும் மிதிவெடியில் கருவிக்குப் புலப்படும்படி 8 கிராம் இரும்புக்குச் சமமான சிக்னலாவது இருக்க வேண்டும் என்றது. அதற்குள் எத்தனையோ நாடுகளின் மண்ணில் பிளாஸ்ரிக் வெடிகள் புதைந்துவிட்டன. இலங்கை மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவற்றில் பாகிஸ்தானின் பி-4, சீனாவின் டைப் 72 ஆகியவை அந்த வகை. மரப்பெட்டியில் உள்ளூரில் செய்த 'ஜொனி'யும் உண்டு. மரம் கறையானுக்குப் போகும், வெடிமருந்து போகாது. பெட்டி உக்கிய வெடி எந்த அளவு பாரத்துக்கு இயங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி மண். கருவிக்கு உண்மையான எதிரி இதுதான் என்பேன். சில மண்ணில் இரும்பு ஒக்சைட்டின் மிக நுண்ணிய துகள்கள், ஒரு மில்லிமீற்றரைப் பல பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவில், கலந்திருக்கும். காந்தப்புலம் போன பிறகும் அவை உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் சோம்பேறித்தனமாகத் திரும்பும். கருவிக்கு அதுவும் ஒரு நாதம். தெருவுக்குப் போடும் செம்மஞ்சள் கிரவல் கிடக்கும் இடத்தில் கருவி ஓயாமல் முனகுவது இதனால்தான். சேனைக்கு எரித்த நிலமும் அப்படியே. நெருப்பின் சூட்டில் மேல்மண்ணில் உள்ள இரும்புத் தாதுகளில் ஒரு பகுதி காந்தத்தன்மை கூடிய மக்ஹெமைட்டாக மாறிவிடும். ஆகவே பற்றையைச் சுலபமாக அகற்றலாம் என்று தீ வைப்பது, பிறகு தேடப்போகிறவரின் காதில் இரைச்சலை ஊற்றும் வேலை. வெடிபொருள் கிடக்கும் நிலத்தில் தீ வைப்பதன் மற்ற ஆபத்து சொல்லாமலே விளங்கும். திருக்கோவில் பக்கக் கடற்கரையில் இல்மனைட் என்ற இரும்புத் தாது கலந்த கறுப்பு மணல் கோடுகள் இன்னொரு வகைத் தொல்லை. வாவிக்கரையில் உப்பு நீர் ஊறிய சேறு தானே மின் கடத்துவதால் அதுவும் குரல் கொடுக்கும்.

இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. உலோகத்தின் நாதம் தனக்கே உரிய ஒரு காலக்கணக்கில் அடுக்கடுக்காகத் தேயும். காந்த மண்ணின் நாதமோ நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில், வேறு வளைகோட்டில் தேயும். வெவ்வேறு கணங்களில் அளந்து மண்ணின் பங்கைக் கழித்துவிட்டால் மிச்சம் உலோகம். கருவியை நிலத்துக்கு மேல் தூக்கி இறக்கி 'மண்ணுக்குப் பழக்குவது' இந்தக் கழித்தலுக்குத்தான். இதில் ஒரு விலையும் உண்டு: மண்ணைக் கழிக்கையில் ஊசியின் சிறு குரலிலும் ஒரு பங்கு கழிந்துவிடும். பத்து யார் தூரம் தள்ளி மண் மாறினால் மறுபடி பழக்க வேண்டும். காலையில் பழக்கிய கருவியை உச்சி வெயிலுக்குப் பிறகும் அப்படியே நம்புவது பிழை.

வேலை நடக்கும் விதம் இது. ஒரு மீற்றர் அகலப் பாதை. அதன் தலைப்பில் நிலத்தோடு கிடக்கும் ஒரு குறுக்குத்தடி. அதற்கு இந்தப்பக்கம் தேடி முடிந்தது, அந்தப்பக்கம் முடியாதது. முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு இழுகம்பி இருக்கிறதா என்று மெல்லிய குச்சியால் துழாவுவது, பிறகு பற்றையை மேலிருந்து கீழாகக் கொஞ்சங்கொஞ்சமாக வெட்டி வெளியே எடுப்பது. அதன் பின்னரே கருவி. வேலை தொடங்குமுன், அதே மண்ணில், தேடவேண்டிய ஆழத்தில் புதைத்த மாதிரித் துண்டுக்குக் கருவி சத்தம் போடுகிறதா என்று பார்ப்பார்கள். மாதிரியை வெறும் காற்றில் காட்டிப் பார்ப்பது பரிசோதனையே அல்ல. தலையை நிலத்தோடு ஒட்டினாற்போல், ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியையாவது மறைக்கும்படி, பாதையின் இரு ஓரத்தையும் தாண்டி ஆட்ட வேண்டும். ஓரத்தில் தப்பியது அடுத்த பாதைக்காரருக்கும் தப்பும்.

சத்தம் வந்தால் நாலு பக்கமிருந்தும் அணுகி மையத்தைக் குறித்து, குறியிலிருந்து சுமார் 20 சென்ரிமீற்றர் பின்னுக்குத் தள்ளித் தோண்டத் தொடங்குவார்கள். மேலிருந்து ஒருபோதும் இல்லை. சின்னக் கரண்டியால் மண்ணைச் சீவிச் சீவி, பக்கவாட்டில் பொருளை நோக்கிப் போவது. மிதிவெடியின் அழுத்தத் தட்டு மேலே இருப்பதால், அதன் விலாவைத்தான் முதலில் காண வேண்டும். கண்டதும் கை நிற்கும், மேற்பார்வையாளர் வருவார், பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே அழிப்பார்கள். உடற்கவசத்துக்கான சர்வதேச அளவுகோல் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 240 கிராம் ரி.என்.ரி. வெடிமருந்தின் வெடிப்பைத் தாங்குவது. முகக்கவசம் 5 மில்லிமீற்றர் தடிப்பு. அதை வியர்வை மூடுகிறது என்று உயர்த்தும் அந்த ஒரு நிமிடம்தான் மேற்பார்வையாளரின் தலைவலி.

கச்சான் வீசும் மாதங்களில் வயல் களிமண் செங்கல்லாக இறுகும். அப்போது கரண்டியை அழுத்திக் குத்துவது தட்டை அழுத்துவதற்குச் சமம். முதல்நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு மறுநாள் தோண்டுவதே முறை. மாரியில் எதிர்மாறு: குழியில் நீர் நிற்கும், பக்கச் சுவர் சரியும், வேலை நிற்கும்.

பிழைகளில் பெரியது தோண்டி எடுத்த பிறகு நடப்பது. ஒரு துருப்பிடித்த ஆணி கிடைத்ததும் 'ஆணிதான்' என்று நிம்மதியோடு நகர்ந்துவிடுவது. அந்த ஆணியின் உரத்த நாதத்துக்குக் கீழே ஊசியின் நாதம் மறைந்திருக்கலாம். எடுத்த குழியை மறுபடி வீசிப் பார்க்காமல் எழும்பக்கூடாது என்பது மாற்றமில்லாத விதி. கம்போடியாவில் 1992 முதல் 1998 வரை தோண்டிய சுமார் 20 கோடிப் பொருட்களில் ஆயிரத்துக்கு மூன்றுகூட வெடிபொருளாக இருக்கவில்லை. மற்றதெல்லாம் ஆணி, தகரம், கோது. பழைய முகாம் இருந்த இடத்தில் ஒரு சதுர மீற்றருக்கு இருபது சத்தம், ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் மூன்றே கால் மணிநேரத்துக்கு மேல். ஒரு ஏக்கரில் 4,047 சதுர மீற்றர். அப்படிக் குப்பை நிறைந்த மணல் நிலத்தில் கருவியைத் தூக்கி வைத்துவிட்டு, நீண்ட பிடியுள்ள ரேக்கால் முழு மேல்மண்ணையும் வாரி எடுப்பதே மேல். இலங்கையில் அந்த முறை நன்றாக எடுபட்டது.

உலோகத்தை விட்டு வேறெதையாவது தேட முடியாதா? நிலத்தை ஊடுருவும் ராடாரைக் கருவியோடு சேர்த்திருக்கிறார்கள். அது பார்ப்பது மின்கடவாப் பண்பின் வித்தியாசத்தை, அதாவது ராடார் அலையைப் பொருளுக்குப் பொருள் எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை. காய்ந்த மணலுக்கு அந்த எண் 3 முதல் 5, பிளாஸ்ரிக்குக்கும் ரி.என்.ரி.க்கும் 3 அளவில், தண்ணீருக்கு 80. காய்ந்த மணலில் பிளாஸ்ரிக் வெடி கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி. ஈர மண்ணில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், ஆனால் ஈரக் களி அலையையே விழுங்கிவிடும். இடைப்பட்ட ஈரத்தில் அருமையாக வேலை செய்யும். மண் நமக்காக அப்படிக் காத்திருப்பதில்லை.

ஆழத்தில் கிடக்கும் ஷெல், குண்டு போன்ற பெரிய இரும்புக்கு வழி வேறு. பூமியின் காந்தப்புலம் இரும்பைச் சுற்றி வளைவதை அளக்கும் காந்தமானி. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட வளர்த்த நுட்பம் அது. கல்லடிக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் ஹேர்மிஸ், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், அப்படிப்பட்ட மானிக்கு ஒரு மலைபோலத் தெரியும். பிளாஸ்ரிக் வெடி அதற்குத் தெரியவே தெரியாது.

'சந்தேகப்பட்ட நிலம்' என்ற சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டும். யாரும் சந்தேகப்படாத நிலத்தை யாரும் தேடவில்லை. மாரி வெள்ளம் கரையை அரிக்கும், வாய்க்கால் வெட்டும் இயந்திரம் ஆழத்து மண்ணை மேலே போடும், பழைய இரும்பு பொறுக்குவோர் ஷெல்லைத் தூக்கி வேலியோரம் வைப்பார்கள். மாடு மேய்க்கப் போகிறவர் புல்லுக்குள் உருண்டையாகவோ பெட்டியாகவோ எதையாவது கண்டால், தொடாமல், தட்டிப் பார்க்காமல், கல்லெறியாமல் வந்த காலடித் தடத்திலேயே திரும்பி 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். அடையாளத்துக்குக் கம்பு நடுவதென்றால் பொருளின் பக்கத்தில் அல்ல, திரும்பி வந்து ஏறிய பாதையின் ஓரத்தில். ஒன்று கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று புல்லுக்கு அடியில் இருக்கலாம்.