அழுத்தினால் திரவம் சுருங்கும், ஆனால் எப்படிச் சுருங்கும்?

திரவத்தை அழுத்தினால் அணுக்கள் நெருங்கி வரும், அவ்வளவுதானே என்று இயற்பியல் படித்தவர்களே கேட்பதுண்டு. உருகிய பொருள்களை உயர் அழுத்தத்தில் வைத்து எக்ஸ் கதிரால் அளப்பது என் வேலை. இந்த நினைப்பு சில திரவங்களுக்குச் சரி, பலவற்றுக்குத் தவறு. எது எந்த வகை என்று பார்க்காமல், சாதாரண அழுத்தத்தில் அளந்த எண்களை வைத்து உயர் அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டால் விடை எங்கோ போய் நிற்கும்.

திரவத்தில் படிகத்தின் நீண்ட ஒழுங்கு கிடையாது. ஆனாலும் ஓர் அணுவைச் சுற்றி, எவ்வளவு தூரத்தில் எத்தனை அணுக்கள் என்பதற்கு ஒரு சராசரிக் கணக்கு உண்டு. அந்த எண்ணிக்கைதான் அணைவு எண். உருகிய ருபீடியம் போன்ற கார உலோகங்கள், மிதமான அழுத்தம் வரை, ஏறக்குறைய ஒரே சீராகச் சுருங்குகின்றன. கனஅளவு குறைகிற விகிதத்துக்கேற்ப அணுக்களுக்கிடையே உள்ள தூரமும் குறைகிறது. பாடப்புத்தகம் சொல்வது இங்கே பலிக்கிறது.

சிலிக்கானிடம் அது எடுபடாது. திண்மச் சிலிக்கானில் ஒவ்வோர் அணுவுக்கும் 2.35 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தூரத்தில் 4 அண்டை அணுக்கள். 1414 டிகிரி செல்சியஸில் உருகும்போது இந்தத் திறந்த அமைப்பு குலைந்து, அணைவு எண் 6 அளவுக்கு ஏறுகிறது. அடர்த்தி சுமார் 10% கூடுகிறது. குறைக்கடத்தி உலோகம்போல் மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது. முழு உலோகமாகிவிட்டதா என்றால், இல்லை. எளிய உலோகத் திரவங்களில் அணைவு எண் 10-ஐத் தாண்டும். அழுத்தத்தைக் கூட்டும்போது சிலிக்கான் திரவம் அந்தப் பக்கம் நகர்கிறது. அண்டைத் தூரம் பெரிதாகக் குறையாது. வெளியே இருந்த அணுக்கள் முதல் வட்டத்துக்குள் நுழைகின்றன. அடர்த்தி கூடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். 20 கிகாபாஸ்கலைத் தாண்டியும், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 2 லட்சம் மடங்கிலும், சகப்பிணைப்பின் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து குறிப்பிட்ட திசைகளில் பிணைவதன்) சாயல் அதில் மிச்சமிருக்கிறது.

திண்மத்தைவிடத் திரவம் அடர்த்தியாக இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு: அழுத்தம் கூடக் கூட உருகுநிலை குறையும். சிலிக்கான், ஜெர்மானியம், காலியம், பிஸ்மத் எல்லாம் தொடக்கத்தில் இப்படித்தான். சோடியம் இன்னும் விசித்திரம். அதன் உருகுநிலை 30 கிகாபாஸ்கல் வாக்கில் சுமார் 1000 கெல்வின் வரை ஏறி, பிறகு சரிந்து, 118 கிகாபாஸ்கலில் அறை வெப்பநிலை அளவுக்கு வந்துவிடுகிறது.

எளிய உலோகம் என்று பெயர் எடுத்த சீசியமும் ஓர் எல்லைக்கு மேல் வேறு முகம் காட்டுகிறது. 4 கிகாபாஸ்கலை நெருங்கும்போது திரவச் சீசியத்தின் அணைவு எண் 12-லிருந்து 8 அளவுக்கு இறங்குவதாக அளந்திருக்கிறார்கள். அழுத்துகிறோம், அண்டை அணுக்கள் குறைகின்றன! அணுவின் வெளி எலக்ட்ரான் எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவிய எஸ் வகை நிலையிலிருந்து, சில திசைகளில் மட்டும் நீளும் டி வகை நிலைக்கு மாறுவதுதான் காரணம். அதனால் பிணைப்பு திசை சார்ந்ததாகிவிடுகிறது.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த பொருள் பாஸ்பரஸ். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஸ்பிரிங்-8 சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ் கதிர் தரும் பெரிய எலக்ட்ரான் முடுக்கியில்), 1 கிகாபாஸ்கல், 1000 டிகிரி வாக்கில், நான்கணு மூலக்கூறுகளாக இருந்த திரவம் சட்டென்று பிணைப்புத் தொடராக மாறுவதைப் பார்த்தார்கள். குறைந்த அழுத்தத்தில் இருப்பதைத் திரவம் என்பதா, திரவம்-வாயு என்ற வேறுபாடு மறைந்துபோன பாய்மம் என்பதா என்ற விவாதம் அப்புறம் வந்தது. மாற்றம் நடக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

சரி, இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? மாதிரி ஓரிரு மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றி உறை, சூடேற்றி, அழுத்தத்தைக் கடத்தும் பொருள் என எல்லாமே எக்ஸ் கதிரைச் சிதறடிக்கும். அதைக் கழிக்கும் விதத்திலேயே விடை மாறும். எந்தத் தூரத்தில் எத்தனை அணுக்கள் என்று காட்டும் வரைபடத்தில் முதலில் எழும் முகடு அண்டை அணுக்களுடையது; அணைவு எண் கணக்கிடும்போது அந்த முதல் முகட்டை எங்கே வெட்டுகிறோம் என்பது இன்னும் முக்கியம். முகட்டின் இடப்பக்கத்தை இரட்டிப்பது ஒரு முறை, அடுத்த பள்ளம் வரை கூட்டுவது இன்னொன்று. ஒரே தரவிலிருந்து இரண்டு எண்கள் வரும். ஆகவே இரண்டு கட்டுரைகளின் அணைவு எண்களை ஒப்பிடும் முன் முறையைப் பாருங்கள்; அது எழுதப்படவில்லை என்றால் ஒப்பிடாமல் விடுவதே நல்லது. உறை எதனால் ஆனது என்பதையும் கவனியுங்கள். உருகிய சிலிக்கான் கிராஃபைட்டைத் தொட்டால் சிலிக்கான் கார்பைடு உண்டாகும். எக்ஸ் கதிர்ப் பதிவில் அதன் கூர்மையான கோடுகள் திரவத்தின் அகன்ற முகடுகள்மேல் ஏறி நிற்கும்.