மாவுச்சத்து குறையும்போது மருந்தை யார் குறைப்பது?

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையில் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லிக்கு ஆளான வீரர்களுக்கு வரும் வகை 2 நீரிழிவைப் போர்ப்பணியின் பாதிப்பாக அத்துறை 2001 முதல் ஏற்று, இழப்பீடும் தருகிறது. நோயாளிகளில் பலர் மருத்துவமனைக்கு வெகு தொலைவில், கிராமப்புறங்களில் வாழ்கிறார்கள். இவர்களுக்காகத்தான் 2019இல் விர்டா ஹெல்த் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. உணவில் மாவுச்சத்தை வெகுவாகக் குறைப்பது, மருத்துவரும் பயிற்றுநரும் கைபேசி வழியாக நாள்தோறும் கண்காணிப்பது, இவை இரண்டும் சேர்ந்ததே சிகிச்சை.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு மொத்த மாவுச்சத்து 30 கிராமுக்குள் இருக்க வேண்டும். 355 மி.லி. கோலா ஒன்றிலேயே 39 கிராம் சர்க்கரை இருக்கிறது; ஒரு துண்டு ரொட்டியில் 12 முதல் 15 கிராம் வரை மாவுச்சத்து. ஆகவே ரொட்டி, உருளைக்கிழங்கு, பழச்சாறு எல்லாம் தட்டிலிருந்து போய்விடும். முட்டை, மீன், இறைச்சி, பாலாடைக்கட்டி, கீரை, கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் அந்த இடத்துக்கு வரும். குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும் குளுக்கோஸ் குறைவதால் இன்சுலின் தேவையும் குறைகிறது. இன்சுலின் தாழ்ந்ததும் கல்லீரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. மூளையும் தசையும் அவற்றை எரிபொருளாக்கிக்கொள்கின்றன.

இந்த மாற்றம் சில நாட்களிலேயே நடந்துவிடும் என்பதுதான் சிக்கல். மருந்தின் அளவோ பழைய சாப்பாட்டுக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பவர் இந்த உணவுக்கு மாறி, பழைய அளவிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் முதல் வாரத்திலேயே தாழ்சர்க்கரையில் மயங்கி விழக்கூடும். எங்கள் பார்வையில், தொலைக் கண்காணிப்பின் முதல் வேலை உணவுப் பட்டியல் தருவதல்ல, மருந்தை நேரத்தோடு குறைப்பது.

கிளிபிசைடு, கிளைமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள், உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவற்றைப் பெரும்பாலும் முதல் நாளே நிறுத்துவார்கள். இன்சுலின் போடுபவருக்கு மொத்த அளவில் 30 முதல் 50 சதவீதம் வரை குறைப்பதுண்டு. சாப்பாட்டு வேளை ஊசிதான் முதலில் குறையும். மெட்ஃபார்மின் பொதுவாகத் தொடரலாம். எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்தில் தனிக் கவனம் வேண்டும். அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவது; இந்த உணவோடு சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடலாம். குளுக்கோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தெரிந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஆனால் இதயச் செயலிழப்புக்காக அதே மருந்தைச் சாப்பிடுபவர் பலர். அவர்களுக்கு மருந்தை நிறுத்துவதா, உணவைத் தளர்த்துவதா என்பதை இதய மருத்துவரோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

நோயாளி விரல் நுனியில் குத்திச் சர்க்கரையையும் கீட்டோனையும் பார்ப்பார். எடை, ரத்த அழுத்தம் எல்லாம் செயலியில் ஏறும். கீட்டோன் 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருந்தால் உணவுமுறை நடக்கிறது என்று பொருள். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அன்றே மருந்தின் அளவும் திருத்தப்படும்.

ரத்த அழுத்தமும் தாழும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் வாரத் தலைவலி, சோர்வு, தசைப்பிடிப்புக்கு இதுவே முக்கியக் காரணம். உப்பிட்ட எலும்புச் சாறு பெரும்பாலும் சரிசெய்துவிடும். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. போர் நினைவின் கெட்ட கனவுகளுக்காகப் பிரசோசின் சாப்பிடும் வீரர்கள் உண்டு. அதுவும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. இரவில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வாய்ப்பு கூடுகிறது. பயிற்றுநர் மருந்துப் பட்டியல் முழுவதையும் கேட்டு வாங்குவது இதனால்தான்.

பலன் எப்படி? திட்டத்தில் சேர்ந்த 454 பேரை, சேராத நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. ஐந்து மாதத்தில் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 0.69 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. மருந்துகளும் எடையும் குறைந்திருந்தன. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இதே நிறுவனம் நடத்திய முந்தைய ஆய்வில் 262 பேர் இருந்தார்கள். ஓராண்டில் எச்பிஏ1சி 7.6இலிருந்து 6.3 ஆனது, இன்சுலின் போட்டவர்களில் 94 சதவீதத்தினருக்கு அது குறைந்தது அல்லது நின்றது. இரண்டிலுமே குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்கவில்லை. தாமே விரும்பி வந்தவர்கள் என்பதால் பலன் சற்றுக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம்.

கணையம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டவர்களும் உண்டு. உடல் தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு பரிசோதனையில் அளவு மிகத் தாழ்ந்திருந்தால் இன்சுலினை முழுதாக நிறுத்தவே கூடாது. சிலருக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு ஏறும். விழித்திரை பாதிப்பு முன்பே இருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகலாம் என்பதால் கண் பரிசோதனையை முதலிலேயே முடித்துவிடுவது நல்லது.

இண்டியானா ஆய்வில் இரண்டாண்டு முடிவில் 74 சதவீதத்தினர்தான் மிஞ்சினார்கள். பாதியில் விடுபவர் அதைக் கண்காணிப்புக் குழுவிடம் அன்றே சொல்லியாக வேண்டும். ரொட்டி தட்டுக்குத் திரும்பிவிட்டால் சர்க்கரையும் திரும்பும். நிறுத்திய மருந்தை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.